ஒப்புகைச் சீட்டு

தேர்தல் தேதி சொன்ன மறுநாள் காலை
பெரம்பூர் ஸ்டேஷனில் என் மேசைக்கு முன்
துப்பாக்கிகள் வரிசையில் நின்றன,
அவற்றின் ஆட்களும் கூடவே.

பெயர். உரிம எண். இரும்பில் பொறித்த எண்.
தோட்டா எத்தனை.
எழுதிக்கொண்டே போகிறேன்.
எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கப்
பதிவேட்டில் பத்தி இல்லை.
கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள்.

அடகுக்கடை சம்பத்லால்,
"ஊர் நகை முழுக்க நம்மகிட்டதாம்மா."
மனை விற்கும் வேதகிரி,
"நமக்கு எதிரிங்க உண்டு."
திருவள்ளூரில் தோப்பு உண்டு என்பதுபோல
கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.
சுபேதார் பொன்னையன் பேசவில்லை.
தானே மடித்துக் குழலைக் காட்டினார்.
அதன் வழியே தெரிந்தது
எதிர்ச் சுவரின் காலண்டர், செவ்வாய்க்கிழமை.

வரிசையின் வாலில் வாக்குவாதம்.
"சட்டம் டெல்லியோடது, கையெழுத்து நம்ம ஊரோடது.
எட்டு வருஷமா அலையறேன்,
வேப்பேரி ஆபீஸ் படி தேஞ்சதுதான் மிச்சம்.
உயிர் என்னோடது, அனுமதி அவங்களோடதா?"
"வடக்கே கல்யாணத்துக்கே சுடறான்யா."
"அப்ப இங்க மட்டும் என்ன?"
"இங்க கல்யாணத்துல மொய் மட்டும்தான் போவுது."
சிரித்தார்கள். நானும்.
பிறகு ஒருவர் என்னைப் பார்த்தபடி,
"பொம்பளைங்களுக்காவது குடுக்கணும் சார்."
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

முந்தாநாள் இரவு பதினொன்றரைக்கு
சீருடை பையில், சுடிதாரில் நான்,
ஜமாலியா தெரு முனையில் ஸ்கூட்டி நின்றுபோய்,
சாவியை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு
தள்ளிக்கொண்டே நடந்தேன்.
அதை இவரிடம் எதற்குச் சொல்ல?

வருடத்துக்கு ஒருமுறை எனக்கும் பத்துத் தோட்டா.
சுட்டுவிட்டுக் கூடுகளைப் பொறுக்கி
எண்ணிக் கொடுக்க வேண்டும்.
ஒரு வருடம் ஒன்று குறைந்தது.
முப்பத்தாறு பேர் புல்லில் முட்டிபோட்டு
வெயில் சாயும்வரை தேடினோம்.
கட்டைவிரல் நகம் அளவுப் பித்தளை.
மதியச் சோறு புளித்துவிட்டது.
அதன்பின் யார் எந்தக் கட்சி பேசினாலும்
எனக்கு நினைவு வருவது அந்தப் புல்தான்.

உணவு நேரத்துக்குச் சற்று முன்
மிஸஸ் டிகுரூஸ் வந்தார்.
ஆட்டோவிலிருந்து தானே தூக்கி வந்தார்,
இஸ்திரித் துணியில் சுற்றி, ரிப்பன் கட்டி.
இரட்டைக் குழல். கணவர் டெஸ்மண்ட்,
ரயில் எஞ்சின் ஓட்டியவர்,
கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்பு போய்விட்டார்.
"நீங்களே வெச்சிக்குங்க. திரும்ப வேண்டாம்."

அப்படி முடியாதும்மா என்றேன்.
வாரிசுச் சான்று வேண்டும், மனு வேண்டும்,
கமிஷனர் உத்தரவு வேண்டும்.
வேண்டும் என்பவர்க்கு எத்தனை படியோ
வேண்டாம் என்பவர்க்கும் அத்தனை படி.
இப்போதைக்கு இந்தச் சீட்டு.
'முடிவுகள் வந்தபின் திருப்பித் தரப்படும்.'
அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார்.

"ஒரு தடவகூட சுட்டதில்ல அவர்" என்றார்.
பேனாவை மூடினேன்.
"ஒரே தடவ. ஹால் சுவத்துல.
ஓட்டை மேல மாதா படம் மாட்டிட்டேன்."

சுவருக்கு முன்னால் யார் நின்றார்கள்
என்று நான் கேட்கவில்லை.
பதிவேட்டில் பத்தி இல்லை.

முடிவுகள் வந்தன. பட்டாசு வெடித்தார்கள்.
வேதகிரி முதல் ஆளாக வந்து
துடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து
வாங்கிப் போனார்.
ஒவ்வொன்றாய்க் காலியாகி
அறையில் இப்போது
லத்திகள், உடைந்த ஹெல்மெட்டுகள்,
பிடிபட்ட மாஞ்சா நூல் உருண்டைகள்,
ரிப்பன் அவிழாத அந்த ஒன்று.
வேப்பேரியிலிருந்து பதில்: பரிசீலனையில்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து
மிஸஸ் டிகுரூஸ் ஸ்டேஷன் வாசல்வரை வருவார்.
உள்ளே வருவதில்லை.
மனு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை.

"ரூம் பூட்டியிருக்கா?"
"பூட்டியிருக்கும்மா."
"நல்லா இழுத்துப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு முறையும் போய்
இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.