அசைவு

பத்து நிமிடம் யாரும் அசையாவிட்டால்
எங்கள் தளத்தில் விளக்கெல்லாம் தானாக அணைந்துவிடும்.
மின்சாரம் மிச்சம் என்றார்கள்.

கீபோர்டில் ஓடும் விரல்களை
சென்சார் அசைவில் சேர்ப்பதில்லை போலும்.
இருள் விழும்போதெல்லாம்
தே-ஷிக் நாற்காலியில் இருந்தபடியே
கையைத் தூக்கி ஆட்டுவான்,
யாரையோ ரயிலேற்றிவிட வந்தவன் மாதிரி.
வெளிச்சம் வரும்.
பதினோரு மணிக்குள் ஏழு முறை எண்ணினேன்.
எட்டாவது முறை அவன் ஆட்டவில்லை.
திரையின் நீலத்தில் முகம் மட்டும் மிதக்க,
"இருக்கட்டும், இன்னும் நாலு வரிதான்" என்றான்.

சியோலிலிருந்து கடைசி ரயில்.
புச்சனில் இறங்கி, பதினான்காம் மாடி.
கதவைத் திறந்ததும்
காலணி கழற்றும் இடத்துக்கு மேலே
சின்ன விளக்கு என்னைக் கண்டு எரிந்தது.
மகளின் மஞ்சள் ரப்பர் பூட்ஸ்
ஒன்று கவிழ்ந்து, இரண்டும் ஈரமாக.

இன்று மழையா பெய்தது?

பூட்ஸை நிமிர்த்தி வைத்தேன்.
யாரும் விழித்துவிடக் கூடாதே என்று
ஒரு காலில் சாக்ஸும் ஒரு காலில் ஷூவுமாக
அப்படியே நின்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தது விளக்கு.
பிறகு அணைந்தது.

பழக்கத்தில் எழப்போன கையை
அடக்கிக்கொண்டேன்.