உப்பை இழுக்கும் வளையம்

தலைஞாயிறு மண்டபத்தில்
டை கட்டியவர் இரண்டு கம்பியை
எங்கள் போர்வெல் தண்ணீரில் விட்டார்.
துருநிறத்தில் பொங்கியது டம்ளர்.
அவருடைய பாட்டில் தண்ணீர் அப்படியே தெளிவு.
"இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்றார்.
கரைவது கம்பிதான் என்று
ஐ.டி.ஐ. படித்த எனக்குத் தெரியும்.
உப்பை இழுத்துவிடுமாம் காந்த வளையம்,
ஒன்று பதினாலாயிரம்.
மாட்டிவிட எனக்கு எழுநூறு.
வாயைத் திறக்கவில்லை.

செங்கமலம் தோட்டை வைத்து வாங்கினாள்.
குழாயில் நான்தான் முடுக்கினேன்.
அதற்குள் அவர் வண்டி
திருத்துறைப்பூண்டி தாண்டியிருக்கும்.
மறுநாள் ஒரு வாய் குடித்துவிட்டு
"கொஞ்சம் குறைஞ்சிருக்குல்ல, தம்பி?"
"ஆமாக்கா" என்றேன்.

இப்போதெல்லாம் அவள் வாசலைக் கடந்தால்
கூப்பிட்டு மோர் தருகிறாள்,
அந்தத் தண்ணீரில் கரைத்தது.
உப்பு போடத் தேவையில்லை என்கிறாள்,
சிரிக்காமல்.