இரண்டு சென்டிமீட்டர்

ஹாப்சலுவில் பிப்ரவரி.
கடல் கெட்டியாகி அதன்மேல் கார் ஓடும் மாதம்.
ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பனிப்பாதைக் கம்பெனியின் மேகக் கிடங்குக்கு
நான் காவல் மென்பொருள் நிறுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கொரு கணக்கு வேண்டும்.
படிக்கலாம், எழுதக் கூடாது.
அந்தச் சிறு உரிமையைக் கொடுக்க
எனக்கு எல்லா உரிமையும் வேண்டும்.
கொடுத்தார்கள். திங்கள் வரைக்கும் என்றார்கள்.
எந்தத் திங்கள் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் சலிப்பு பதினான்கு மணி நேரம்.
சல்லடையின் சலிப்பு, பிறகு என் சலிப்பு.
மீன் கடைக்காரரின் போன் நம்பரை
குடிமகன் அடையாள எண் என்று பிடித்துக்கொண்டது.
சம்பளப் பட்டியல் இருந்த 'தற்காலிகம்' என்ற உறையை
ஒன்பது வருடமாக
'எல்லோரும்' என்ற குழு திறக்கலாம் என்றிருந்தது.
எல்லோரும் என்றால்
கோடையில் மட்டும் வந்து புல் வெட்டும் பையனும்தான்.
அடைத்தேன். சுகமாக இருந்தது.
கதவு சாத்துகிறவனுக்கு
உள்ளே யார் என்ற கவலை இல்லை.

மூன்றாம் நாள் ஒரு சிவப்பு வரி:
எனெலி தாம். சம்பளப் பிரிவு.
காலை 5.40க்குப் பனித் தடிமன் அட்டவணையைத் திறக்கிறார்.
ஒரே ஒரு கட்டத்தை மாற்றுகிறார்.
மூடுகிறார்.
நேற்றும். முந்தாநாளும்.
நாலு குளிர்காலமாக.

"வெட்டிவிடு" என்று எழுதினார் ராய்வோ,
டெனெரிஃபில் வெயில் காய்ந்தபடி.
அளவைப் பிரிவை விட்டு மாறியபோதே
பிடுங்கியிருக்க வேண்டிய சாவி.

வெட்டினேன்.
பிறகுதான் போன் செய்யத் தோன்றியது.
"நேரில் வா" என்றார்.

பனிப்பாதை வாயிலில் காவலாளி
கண்ணாடியைத் தட்டினார். "பெல்ட்டை அவிழ்."
இங்கே அதுதான் விதி:
பனி உடைந்தால்
கட்டுண்டவன் கட்டோடு போவான்.
இறுக்கிக் கட்டுவதே பிழைப்பாய் இருப்பவனுக்குக்
கை ஒரு கணம் தயங்கியது.
நாலாம் கட்டையைக் கடக்கும்போது
சக்கரத்தின் கீழே ஏதோ முனகியது.
பனி எப்போதும் முனகும் என்பார்கள்.

ஹெல்டர்மா அலுவலகத்தில் எனெலி
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப்போட்டிருந்தார்.
"நாலாம் கட்டையில் இருக்கும் கருவியை
ஒரு லாரி இடித்தது.
அன்றிலிருந்து இரண்டு சென்டி கூட்டிச் சொல்கிறது.
ரெண்டு மெயில் போட்டேன். பதில் இல்லை.
அதனால் கழிக்கிறேன்."

அவ்வளவுதான்.
இருபத்து மூன்று என்றால் பாதை திறக்கும்.
இருபத்தொன்று என்றால் திறக்காது.
நடுவில் நாலு வருடம்
சம்பளச் சீட்டு எழுதும் ஒரு பெண்ணின்
தூக்கம் கலைந்த விரல்.

முறைப்படி செய்தேன்.
விண்ணப்பம், காரணம், காலாவதி மார்ச் 31.
கருவியைச் சரிசெய்ய இன்னொரு விண்ணப்பம்.
இரண்டும் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன.
ஒப்புதல் தருகிறவர் நீச்சல் குளத்தில் இருந்தார்.
போனை அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.
எனக்கும் அப்படி ஒரு அறை வேண்டும்.

மறுநாள் 5.35.
அட்டவணையில் 23.
பள்ளிக்கூட வேன் ஏழு மணிக்கு வரும்.
திங்கள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.
என் எல்லா உரிமையும்
இன்னும் என்னிடமே இருந்தது,
யாரும் கேட்காத குடை மாதிரி.

திறந்தேன். 21 என்று எழுதினேன்.
மூடினேன்.

5.41க்கு
நான் நிறுவிய காவல்
முதன்முறையாகப் பிசகில்லாமல் வேலை செய்தது.
சிவப்பு வரி.
என் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.
கீழே இரண்டு பொத்தான்கள்:
தொடரட்டும். நீக்கு.

காபி ஆறிக்கொண்டிருந்தது.
வெளியே வாயில் கம்பி இன்னும் இறங்கியே இருந்தது.