பதினொரு நிமிடம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் மே மாதம்.
தகரக் கூரைக்குக் கீழே நாம் இரும்பைத் தொடுவதற்கு முன்
இரும்பு நம்மைத் தொட்டுவிடும்.
தோல் ஷாப்புகளின் வாடை
மதிய ஷிப்டுக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

தூக்க வேண்டியது ஒரு விசிறிக் கூடு.
நாலே கால் டன். நத்தைபோல் சுருண்டது,
எடை நடுவில் இல்லை.
எங்கே என்று படம் ஒன்று சொல்லும், இரும்பு ஒன்று சொல்லும்.
நான் இரும்பைக் கேட்பேன்.

கம்பிக்கயிற்றை வெறுங்கையால் தடவக் கூடாது.
கந்தல் துணியால் தடவு.
எங்கே நூல் மாட்டுகிறதோ
அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது.
அன்று எங்கும் மாட்டவில்லை.
ஷேக்கிள் பின்னைக் கடைசி மரை வரை திருகினேன்.
கயிறு உட்காரும் கூர்விளிம்பில்
பழைய டயர்த் துண்டும் வேப்பங்கட்டையும் வைத்தேன்.
கயிற்றின் கால்கள் படுக்கப் படுக்கச் சுமை கூடும்;
நீளக் கயிறாகத் தேடி எடுத்துக்
கூம்பாக நிறுத்தினேன்.

மேலே கூண்டில் தனகோட்டி.
வாலாஜாக்காரர். பன்னிரண்டு வருஷமாக
உன் முகம் எனக்குத் தெரியாது,
கை மட்டும்தான் தெரியும் என்பார்.
ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன்.
ஒரு சாண் ஏற்றி நிறுத்தினோம்.
சாய்கிறதா, கயிறு முனகுகிறதா,
எல்லாம் அந்த ஒரு சாணில் தெரிந்துவிட வேண்டும்.
முப்பது எண்ணினேன். மறுபடி சுழற்றினேன்.

ஆள் உயரம் போயிருக்கும்.
தூணோரம் இரும்புத்தூள் பெருக்கிக்கொண்டிருந்த பூங்காவனம்
துடைப்பத்தைப் போட்டுவிட்டு
இரண்டு கைகளையும் விரித்து வீசினாள்.

கிரேன் நின்றது.

நான் சொல்லி நிற்கவில்லை என்பது
எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
ஏற்று, இறக்கு, இடம், வலம்
எல்லாம் ஒரே கைதான் சொல்ல வேண்டும், என் கை.
நிறுத்து என்பதை மட்டும் யாரும் சொல்லலாம்,
டீ கொண்டுவரும் பையன்கூட.
போர்டில் எழுதியிருக்கிறது.
அந்த போர்டுக்கு ஆணி அடித்தவனே நான்தான்.

சூப்பர்வைசர் இம்மானுவேல் ஓடி வந்தார்.
வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
"இன்னாம்மா?"
"சத்தம் வந்துச்சி சார். டணக்னு."
"எங்க?"
"தெரியல. வந்துச்சி."

உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்து இறக்கினேன்.
காது இரண்டும் சூடேறிக் கிடந்தது.
கொக்கியின் நாக்கு மூடியிருந்தது. பின் நகரவில்லை.
துணி இந்த முறையும் எங்கும் மாட்டவில்லை.
வேப்பங்கட்டை மட்டும் விரற்கடை அளவு நகர்ந்து
தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.
அதுதான் சத்தம்.
தினமும் வருகிற சத்தம்.
எனக்கு அது கேட்காமல் போய் வெகுகாலம் ஆகிறது.

பதினொரு நிமிடம் என்று எழுதினார் இம்மானுவேல்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"ஒண்ணுமில்லன்னு எழுதலாமா?"
தனகோட்டி கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.
"எழுது சார். ஒண்ணுமில்லாம இருக்கத்தானே நின்னோம்."

கூடு மறுபடி ஏறியது.
கிரேன் கொட்டகையைத் தாண்டி வெயிலுக்குப் போனது.
வழிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விலகி நடந்தோம்.
வாசல் முழுக்க வேறு நிழல் இல்லை.
கூட்டின் நிழல் மட்டும் குளிர்ச்சியாய்க் கூடவே வந்தது.
அதில் கால் வைக்கக் கூடாது.

பிறகு தண்ணீர்த் தொட்டியடியில் சொன்னேன்:
"அது கட்டை சத்தம்தான், அடுத்த தபா..."
அவள் முடிக்க விடவில்லை.
"எனக்குக் கட்டையும் தெரியாது இரும்பும் தெரியாது.
சத்தம் வந்தா கையத் தூக்குவேன்.
நிக்கறதும் நிக்காததும் உங்க இஷ்டம்."
சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம்தான். ராத்திரி வரை இருந்தது.

மறுநாள் ஒரு குழாய்க்கட்டு. இரண்டு டன்கூட வராது.
ஒரு சாண் ஏற்றி நிறுத்தி எண்ணினேன்.
இருபத்தேழு, இருபத்தெட்டு.
தூணோரம் துடைப்பத்தின் சத்தம் நின்றிருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
அவளும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.