லைன் போன தெரு

செவ்வாய்க்கிழமை ராத்திரி
எலி கடித்ததோ, மழை இறங்கியதோ,
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் ஆம்ப்ளிபயர் செத்துப்போனது.
எனக்கே தெரியாது.
வெள்ளிக்கிழமை வசூலுக்குப் போனபோதுதான்
கம்பத்தில் பச்சை விளக்கு இல்லை.

மூன்று நாள்.
ஒருத்தரும் கூப்பிடவில்லை.

மூன்று நிமிஷம் தாங்காது ஒரு காலத்தில்.
எட்டரை மணி நாடகத்தில்
கோர்ட்டுப் படியில் மருமகள் கால் வைக்கும்போது
படம் புள்ளி புள்ளியானால் போதும்,
மொட்டை மாடியிலிருந்து, குழாயடியிலிருந்து,
செத்துப்போன என் அப்பாவரை இழுத்து
வசவு வரும்.
ஸ்டெல்லா அக்கா ஒருமுறை
ரிமோட்டையே முதுகில் எறிந்தாள்.
பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்.
பொறுக்கிக் கொடுத்துவிட்டு
ஏணி ஏறினேன்.

அப்போது சைக்கிள்.
முதல் வீட்டில் ஆரம்பித்த வசனம்
ஏழாவது வீட்டில் முடியும்,
நடுவில் ஒரு வார்த்தை தவறாது.
தெரு மொத்தமும் ஒரே தொண்டையில் அழும்.
விளம்பரம் வந்தால்
அத்தனை வீட்டுக் குழாயும் ஒன்றாகத் திறக்கும்.

இப்போது படிக்கு ஒரு முகம்,
முகத்துக்கு ஒரு வெளிச்சம்.
மஸ்தான் பாய்
எந்த ஊரிலோ எவனோ கார் கழுவுவதைப் பார்க்கிறார்.
அவர் மகள் சிரிக்கிறாள்,
எதற்கென்று அவள் காதுக்கு மட்டும் தெரியும்.
லோகு பையன் போனில்
காசிமேட்டில் ஒருத்தன் வஞ்சிரம் வறுக்கிறான்.
பார்த்துக்கொண்டே
ரசம் சோறு தின்கிறான் பையன்.
காசிமேடு இங்கிருந்து
ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

"பாக்ஸ் வேணாண்ணா, எட்த்துனு போயிடு."
அதன் மேலிருந்த பிள்ளையாரை இறக்கி
தூசி ஊதி
என்னிடம் தந்தாள் ஸ்டெல்லா அக்காவின் மருமகள் தனம்.
சந்தா பாக்கியைக் கேட்க
வாய் வரவில்லை.

யாரைக் குற்றம் சொல்ல?
நானும்தான் ரயில்வே கேட்டில்
வசூல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கி
போன் பார்த்து நிற்கிறேன்.
கூட்ஸ் போனது தெரிவதில்லை.
பின்னால் ஹாரன் அடித்தால்தான்
கேட் திறந்ததே தெரிகிறது.

அன்று சாயங்காலம் வந்தது
ஒரே ஒரு வசவு. சலூன் எத்திராஜ்.
"இன்னாபா, லைன் இன்னா ஆச்சு?
யாராவது சொல்லிருப்பாங்கன்னு
மூணு நாளா பாத்துனு கீறேன்.
ஒருத்தன் தல நிமிர மாட்றான்பா.
போனப் பாத்துக் குனிஞ்சினே கீறான்.
பின்கழுத்தயே எத்தினி வாட்டி எடுக்குறது?
கத்தி வெக்க
எனக்கு மோவா வேணும்."

அவர் டிவி இருப்பது
உத்தரத்துக்குப் பக்கத்தில்,
பல்லி மட்டும் நேராகப் பார்க்கும் உயரத்தில்.
இருபது வருஷமாக நான்
இடமில்லாமல் அங்கே மாட்டியதாக நினைத்திருந்தேன்.

ஏணி போட்டேன். கனெக்டர் மாற்றினேன்.
எண்ணூற்றைம்பது ரூபாய், என் கைக்காசு.
தெரு முழுக்க லைன் வந்தது.
தெருவுக்குத் தெரியாது.

"உக்காரு, துட்டு வேணாம்."
நுரை பூசினார் எத்திராஜ்.
மேலே ஏதோ பழைய படம்,
மழையில் ஒருத்தன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.
மோவாய் தானாக ஏறியது.

கத்தி தொண்டைக்குழிக்கு வந்த நேரம்
சட்டைப் பையில் போன் நடுங்கியது.
ஒரு நூல் இறங்கியிருக்கும் என் தலை.

எத்திராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
நுரை விரல் இரண்டால்
தூக்கி நிறுத்தினார்.