பி பக்கம், மூன்றாவது

மாங்குளத்தில் பெட்டியின் டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
நெல் மூட்டைகளின் நிழலில் நின்றேன்.
பொடியன் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தான்.
அவனுடைய போனில் யாரோ ஒரு பெண்
கித்தார் ஒன்று, விரல்சொடுக்கு,
வேறொன்றுமில்லாமல் பாடினாள்.

இரண்டாவது வரியில்தான் பிடிபட்டது.
'மழைக்கு முன்னம் வந்திடுவன்.'
அட, எங்கட இழுவைப் பாட்டு.

அக்கராயன். தறப்பாள் கொட்டில்.
பற்றறி தடைசெய்த வருசம்.
ஸ்ராண்டில் ஏற்றிய லுமாலாவில் தயாபரன் மிதிப்பான்.
டைனமோவிலிருந்து இரண்டு வயர்
ரேப் றெக்கோடரின் வயிற்றுக்குள் போகும்.
கசற் என் பொறுப்பு.

முதற்பாட்டு துள்ளும்.
இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவது தொடங்கப்
பாடுகிறவருக்குக் குரல் தடித்துவிடும்,
தபேலா சேற்றில் இறங்கும்,
வயலின் கன்று தேடும் மாடாகும்.
"ஆற்றையடா செத்தவீடு?" என்பான் தயாபரன்.
நான் கசற்றைக் கழற்றிப்
பேனையால் நாலாவதுக்குச் சுற்றுவேன்.
அதற்குள் அவன்
ஒரு செம்பு தண்ணீர் குடித்திருப்பான்.
நாலாவது எப்போதும் நல்ல பாட்டு.

இவள் ஏன் இப்படி ஓட்டமாய்ப் பாடுகிறாள்?
பழையது இருக்கிறதா என்று கேட்டேன்.
பொடியன் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துத்
தேடித் தந்தான்.

அதே ஓட்டம்.
காதலியிடம் போகிற ஒருவன்,
முகில் கறுக்குமுன், சிரித்துக்கொண்டு.
இடையில் சைக்கிள் மணி வேறு.
அதைத்தான் நாங்கள்
சேமக்கலம் என்று நினைத்திருந்தோம்.

ஒருநேரக் கஞ்சியில்
இரண்டு பாட்டுத்தான் மிதிக்கலாம்.

தயாபரனுக்கு எடுத்தேன்.
வவுனியாவில் இப்போது
பற்றறி விற்கிறான்.
"விசரா, நான் நல்லாத்தான் மிதிச்சனான்.
அது இழுவைதான்."
அவளுடையதைத் திரும்பப் போடச் சொல்லி
என் போனை அதற்குக் கிட்டப் பிடித்தேன்.

பேச்சில்லை.
அவன் கடைக்கு முன்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது.
பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல்.
கூடப் பாடுகிறான்,
அக்கராயன் வேகத்தில்.

பொடியன் கடைசி நட்டையும் இறுக்கிவிட்டு
காசுக்கு நின்றான்.
அவள் கடைசிச் சரணத்துக்குப் போய்விட்டாள்.
இவன் இன்னும்
மழைக்கு முன்னம்,
மழைக்கு