கத்தாத கத்தி

பதினோரு கத்திகள் வைத்திருக்கிறேன்.
வேலை செய்பவை மூன்று.
மற்றவை போல்சானோ கடைகளில்
கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்து
என்னை ஏமாற்றியவை.
அதிலொன்று இப்போது
காலையில் வெண்ணெய் தடவுகிறது.

நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்
நோட்புர்கா என்று கேட்கிறான் விஜில்.
ஆர்டர் எடுப்பவன்,
மரம் செதுக்கியதில்லை.

விளிம்பை விளக்குக்கு நேரே பிடி, விஜில்.
வெள்ளைக் கோடு தெரிகிறதா?
ஒளி உட்கார அங்கே இடமிருக்கிறது.
மொண்ணை.
பதம் ஏறிய விளிம்பில்
ஒளிக்கும் இடமில்லை.

அப்புறம் காது.
பைன் கட்டையின் குறுக்கு முகத்தில்
ஒரு சீவல்.
கரகரவென்றால் இழை கிழிகிறது.
கத்துகிற கத்தி வேண்டாம்.
வெட்டிய இடம்
நாக்கால் நக்கியதுபோல் மினுங்க வேண்டும்.

நீளம் அரை விரல் போதும்.
கட்டைவிரல் மரத்தில் ஊன்றியிருக்க
உருளைக்கிழங்கு தோல் சீவுகிற மாதிரி
உள்ளங்கைதான் மூடித் திறக்கும்.
நீளக் கத்தி
தூரத்திலிருந்து கடிதம் போடுகிறது.
எருதின் இமைக்குக்
கடிதம் போட முடியாது.

பிடி பருமனாக இருக்கட்டும்.
ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடித்தால்
நாலு மணிக்குள் விரல்கள் மரத்துப்போகும்,
நாம் செதுக்குவது எது,
செதுக்குவது யார் என்று குழம்பும்.
என்னுடையதில்
சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன்.
அழகாயில்லைதான்.

இத்தனையும் சொல்லிவிட்டு
அன்றைக்கே உடைத்தேன்.

டிசம்பர், மூன்றாம் வாரம்.
ப்ரிக்ஸனில் ஒரு பல் மருத்துவருக்குக்
கிறிஸ்து பிறப்புக் குடில்.
எருதின் வலது மூக்குத் துளை முடிந்திருந்தது.
இடது துளைக்கு
முதலில் நிறுத்தும் வெட்டு,
பிறகு அதை நோக்கிச் சீவல்.
எங்கே நிற்பதென்று சொல்லாமல் அனுப்பினால்
கத்தி கொம்புவரை போய்விட்டுத்தான் திரும்பும்.
எல்லாம் சரியாகச் செய்தேன்.
கடைசிச் சில்லு மட்டும் வரவில்லை.
வெட்டியிருக்க வேண்டும்.
நெம்பினேன்.

டிக்.

பழைய கடிகார வில்லில் நானே செய்த கத்தி.
எள்ளளவு நுனி
மாட்டின் மூக்குக்குள்.

புருவம் பிடுங்கும் சாமணம் வைத்துப் பார்த்தேன்.
குளிர்பெட்டிக் கதவின் காந்தம்,
ஊசி,
ஒரு கெட்ட வார்த்தை.
வரவில்லை.
விட்டுவிட்டு வர்ணம் பூசலாம்.
ஆனால் எஃகு துருப்பிடிக்கும்,
அடுத்த ஆண்டு மாட்டுக்குக்
கறுப்புச் சளி ஒழுகும்.

எனவே சுற்றிலும் தோண்டினேன்,
இரண்டாவது கத்தியால்,
மூச்சு விடாமல்.
எள் வெளியே வந்தபோது
துளை பெரிதாகியிருந்தது.
மாடு
எதையோ மோந்து பார்த்து
யோசிக்கிற மாடாகிவிட்டது.

சளியா இதற்கு என்றார் மருத்துவர்.
பணம் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

இரவு சாணைக்கல்லை நனைத்தேன்.
மின்சக்கரத்தில் ஐந்து நிமிஷ வேலை,
ஆனால் எஃகில் நீலம் பாயும்,
நீலம் பாய்ந்தால் பதம் போச்சு.
நுனி போன கத்திக்கு
விளிம்பைத் தேய்க்கக் கூடாது.
முதுகைத் தேய்க்க வேண்டும்,
முதுகு மெல்லச் சரிந்து
விளிம்பைத் தொடும்வரை.
தொட்ட இடம் புது நுனி.

பத்தரைக்கு ஆரம்பித்தேன்.
ஜன்னலில் சசோலுங்கோ மலை
இருட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
விரலிடுக்கில் கறுப்புச் சேறு,
கழுவியும்
ரொட்டியில் இரும்பு ருசி.
முடிந்தபோது கத்தி
குட்டையாய், தடித்த மூக்கோடு
என்னைப்போல் இருந்தது.
கட்டையின் குறுக்கே ஒரு சீவல்.
சத்தமே இல்லை.

உடைந்த எள்ளைத் தீப்பெட்டியில் போட்டேன்,
ஏழாவது.
ஆட்டினால் கத்துகிறார்கள்.

நாளைக்குக் கழுதை.
இன்னும் காதே வைக்கவில்லை.